பூட்டோடு மல்லுக்கட்டிய 23 நாள்

2024 ஜூன் 10. போச்சம்பள்ளி ரோட்டில் மாங்காய் வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற சமயம். சந்தூர்ப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு நர்சரி இருக்கிறது. அன்றைக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன், விரலெல்லாம் மாம்பால் பட்டுக் கறுத்துப் போயிருந்தது. போன் அடித்தது. தெரியாத எண். வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி. “அண்ணா, நாட்டு மாமரங்களைப் பத்தி எழுதினது நீங்கதானே? புரொஜெக்ட்டுக்காக உங்க பக்கத்தைத்தான் படிச்சிட்டிருக்கேன். மேலே ஒரு அறிவிப்பு ஓடுது, பார்த்தீங்களாண்ணா?” என்றான். பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தை நான் திறந்தே ஒன்பது வருடம் இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு போனில் திறந்தால், என் பழைய எழுத்துகளுக்கு மேலே மஞ்சள் பட்டையில் ஒரு வரி: இந்தக் கணக்கு நெடுநாளாகப் பயன்பாட்டில் இல்லை, உரிமையாளர் ஜூலை 3க்குள் உள்ளே வராவிட்டால் நீக்கப்படும். 23 நாள் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் கத்தியைக் கையில் எடுத்தேன். முதல் தப்பு அதுதான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 2008இல் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து எழுத ஆரம்பித்தவன் நான். எ-கலப்பை என்கிற மென்பொருளைப் போட்டுத் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டதே அங்கேதான். எல்லோரும் கவிதையும் சினிமா விமர்சனமும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நான் மாமரத்தைப் பற்றி எழுதினேன். வேறெதுவும் எனக்குத் தெரியாது என்பதுதான் காரணம். எங்கள் பக்கம் வியாபாரத்துக்கு ஓடுவது பெங்களூராவும் அல்போன்சாவும் செந்தூராவும்தான். கூழ் ஆலைக்குப் போவதில் பெரும்பங்கு பெங்களூரா. ஆனால் வரப்போரத்திலும் ஏரிக்கரையிலும் கோயில் பின்னாலும், யாரோ கடித்துத் துப்பிய கொட்டையிலிருந்து முளைத்து, ஊர்க்காரர்கள் வைத்த பெயரோடு தனித்தனியாக நிற்கிற நாட்டு மரங்கள் இருந்தன. ஒரு மரத்தின் ருசி இன்னொன்றுக்கு வராது. டிவிஎஸ் வண்டியில் பர்கூர், மத்தூர், ஊத்தங்கரை, அரூர் வரைக்கும் போய் ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன். காயை இரண்டாகப் பிளந்து கொட்டையோடு ஒரு படம், இலை ஒரு படம், பட்டை ஒரு படம், பக்கத்தில் மரத்துக்காரரை நிற்க வைத்து ஒரு படம். 2015 வரைக்கும் 212 கட்டுரைகள், தொள்ளாயிரத்துச் சொச்சம் படங்கள்.

அதில் புளிச்சான் என்று ஒரு மரம். கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிய காய். முற்றினாலும் புளிப்பு, பழுத்தாலும் பாதிப் புளிப்பு, கீழே விழுந்து இரண்டாம் நாள் மட்டும் தேன் மாதிரி இனிக்கும். மூன்றாம் நாள் அழுகிவிடும். அந்த ஒரு நாளைப் பிடிப்பதற்காகவே விடிகாலையில் பிள்ளைகள் மரத்தடியில் போய் உட்காரும். ஊறுகாய்க்கு அதை அடிக்க வேறு காய் கிடையாது என்று மரத்துக்கார அம்மா சொன்னார். எழுதிய இரண்டாம் வருடமே மரத்தை வெட்டி மனை போட்டுவிட்டார்கள். நான் ஒட்டுக்குச்சி எடுத்து வைத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. படம்தான் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

எழுதுவதை ஏன் விட்டேன் என்று கேட்டால் தனியாக ஒரு காரணம் சொல்லத் தெரியவில்லை. கல்யாணம், குழந்தை, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, அப்புறம் எல்லோரும் முகநூல், வாட்ஸ்அப் என்று நகர்ந்தது. எழுதியது எங்கே போகப் போகிறது, இணையத்தில் பத்திரமாகக் கிடக்கும் என்று நினைத்தேன். இன்றைக்கும் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மஞ்சள் பட்டைக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து ராத்திரி சாவகாசமாக உட்கார்ந்து உள்ளே போகப் பார்த்தேன். கடவுச்சொல் நினைவில்லை. “மறந்துவிட்டதா” என்பதை அழுத்தினால், 2008இல் கொடுத்த மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்பியிருப்பதாகச் சொல்லியது. அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் நினைவில்லை. அங்கே போய் அதையே அழுத்தினால், 47இல் முடிகிற போன் எண்ணுக்குக் குறியீடு அனுப்பவா என்று கேட்டது. அந்த எண்ணுக்கு நான் ரீசார்ஜ் போடுவதை நிறுத்தியே ஏழு வருடம் ஆயிற்று. மாற்று மின்னஞ்சல் என்று ஒன்று கொடுத்திருந்தேன். அதுவும் இன்னொரு இலவசக் கணக்கு, எப்போதோ செத்துப் போயிருந்தது. கிணற்று வாளிக் கயிற்றை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு நீட்டி வைத்திருக்கிறோம், எந்த முடிச்சு அவிழ்ந்தாலும் வாளி கிணற்றுக்குள். தளத்துக்காரர்கள் இதற்கு முன்னாலும் எச்சரிக்கை அனுப்பாமல் இருந்திருக்க மாட்டார்கள். அனுப்பியதெல்லாம் நான் திறக்காத அந்தப் பெட்டிக்குத்தான் போயிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு யோசனை சொல்லிவிடுகிறேன். இப்போதே ஒரு தாளை எடுத்து, உங்கள் எழுத்தோ படமோ இருக்கிற ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே, அது எந்த மின்னஞ்சலில் தொங்குகிறது, அந்த மின்னஞ்சல் எந்த போன் எண்ணில் தொங்குகிறது என்று எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. அந்த வரிசையில் இன்றைக்கு உங்கள் கையில் இல்லாத எண் ஒன்று நிச்சயம் வரும். கடவுச்சொல் தெரிந்து உள்ளே போக முடிகிறபோதே அதை மாற்றிவிட வேண்டும். வெளியே நின்றுகொண்டு மாற்ற முடியாது.

சரி, எண்ணைத் திரும்ப வாங்கலாம் என்று மறுநாள் கிருஷ்ணகிரி ஷோரூமுக்குப் போனேன். அது இப்போது வேறு ஒருவர் பெயரில் இருக்கிறது, திருப்பித் தர வழியில்லை என்றார்கள். வெளியே வந்து டீக்கடையில் நின்று என் பழைய எண்ணுக்கே போன் போட்டேன். பத்து வருடம் நான் “ஹலோ” சொன்ன எண்ணில் இன்னொருவர் “யாருங்க?” என்றார். விஷயத்தைச் சொல்லி, “உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும்ணா, அதை மட்டும் சொன்னீங்கன்னா போதும்” என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேட்டது, மோசடிக்காரன் பேசுகிற வசனம் இதேதான். அவர் சிரித்தார். “தம்பி, நான் அரூர்ல கொத்தனார் வேலை பார்க்கிறவன். படிக்காதவன்தான், ஆனா ஓடிபி சொல்லக்கூடாதுன்னு எம் பொண்ணு சொல்லிக் குடுத்திருக்கா” என்று வைத்துவிட்டார். அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் செய்ததுதான் சரி.

போன் எண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். பிரீபெய்ட் சிம்மை 90 நாள் தொடர்ந்து எதற்கும் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால் இணைப்பைத் துண்டிக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்கிற ஏற்பாடும் உண்டு. துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாளாவது யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து, அப்புறம்தான் புதியவருக்குக் கொடுப்பார்கள். அதாவது ஆறேழு மாதத்தில் உங்கள் எண் இன்னொருவருடையதாகிவிடலாம். அந்த எண்ணில் உங்கள் பாங்க், ஆதார், மின்னஞ்சல் எல்லாம் இணைந்திருந்தால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சிம்மைத் தூக்கிப் போடுவதற்கு முந்தின நாளே எல்லா இடத்திலும் எண்ணை மாற்றிவிடுங்கள்.

அடுத்து நான் செய்தது மகா முட்டாள்தனம், எழுதவே வெட்கமாக இருக்கிறது. வீடியோ ஒன்றின் கீழே “எந்தக் கணக்கையும் மீட்டுத் தருவோம்” என்று ஓர் எண் இருந்தது. வாட்ஸ்அப்பில் பேசினேன். முதலில் 2,500 கேட்டான், கொடுத்தேன். நாலு நாள் கழித்து “பாதி வேலை முடிஞ்சது சார், சர்வர் கட்டணம் பாக்கி” என்று 4,000. அதையும் கொடுத்தேன். அப்புறம் அடையாளத்துக்கு ஆதார் வேண்டும் என்றான். முன்பக்கப் படத்தையும் அனுப்பித் தொலைத்தேன். அதோடு சரி, என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். 6,500 ரூபாய் போனதைவிட ஆதாரை அனுப்பிவிட்டோமே என்றுதான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்கிற உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்தேன். ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கிற வசதி இருக்கிறது, அதையும் செய்தேன். பணம் திரும்ப வரவில்லை. பணம் ஏமாந்தால் எவ்வளவு சீக்கிரம் 1930க்குச் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது, போன பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நான் வெட்கப்பட்டு மூன்று நாள் கழித்துச் சொன்னேன். இன்னொன்று, கடவுச்சொல்லும் போன் எண்ணும் இல்லாமல் வெளியாள் ஒருவன் உங்கள் கணக்கைத் திறக்க முடியும் என்றால் அவன் திருடனாகத்தான் இருக்க வேண்டும். மீட்பு என்பதற்கு அந்தந்தச் சேவையின் மீட்புப் பக்கத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டாள். “எழுதினப்போ ஒரு ரூபா சம்பாதிச்சீங்களா? இப்ப எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க?” பதில் சொல்லத் தெரியவில்லை. ஒட்டுக் கட்டுகிற பருவம் வேறு. ஒரு நாளைக்கு 250, 300 கட்டுகிற கை, ஒன்பது நாள் முழுக்க போனையே பிடித்துக்கொண்டிருந்தது. என் இடத்துக்கு ஆள் வைத்துக் கூலி கொடுத்தோம். அந்த ஆள் கட்டியதில் பாதி ஒட்டுப் பிடிக்கவில்லை, அது தனிக் கதை.

ஜூலை 4 காலையில் அரூரிலிருந்து அந்தக் கொத்தனாரே கூப்பிட்டார். மகள் கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள், விவரத்தைச் சொன்னாராம். அவள் என் பெயரைத் தேடி, நர்சரி உண்மையாகவே இருக்கிறதா என்று பார்த்து, என்னிடம் நாலு கேள்வி கேட்டு, திருப்தியான பிறகு, “இப்ப அனுப்பச் சொல்லுங்க” என்றாள். குறியீட்டைச் சொன்னாள். ஆறு இலக்கம். மின்னஞ்சல் திறந்தது. கை நடுங்கியது. உள்ளே பழைய கடிதம் ஒன்றுகூட இல்லை, பல வருடம் திறக்காததால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தார்கள். புதிதாக வந்த சில கடிதங்கள் மட்டும். மேலே இருந்தது அன்று விடியற்காலை வந்தது: முன்பே அறிவித்தபடி தங்கள் கணக்கும் அதிலுள்ள அனைத்தும் நீக்கப்பட்டன. உதவி மையத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில், வார்த்தை மாறாமல். தப்பு அவர்களுடையது என்று நான் சொல்ல மாட்டேன். இலவசமாக இடம் கொடுத்தார்கள், விதிமுறையில் எழுதியிருந்தார்கள், நான் படிக்கவில்லை.

அந்தக் கல்லூரித் தம்பியிடம் போனில் புலம்பினேன். அவன் சாதாரணமாக, “நான் 31 கட்டுரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேண்ணா, அனுப்பவா?” என்றான். அப்போதுதான் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அந்த 23 நாளும் பக்கம் திறந்தேதான் கிடந்தது! யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நகல் எடுக்கலாம். எழுதியவன் உள்ளே போய் மாற்றத்தான் சாவி வேண்டும், எடுத்து வைத்துக்கொள்ளச் சாவியே வேண்டாம். வாசல் விரியத் திறந்திருக்க, நான் பின்கட்டுப் பூட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து கட்டுரை வீதம் சேமித்திருந்தால் 212ஐயும் முடித்து ஒரு நாள் மிச்சம் இருந்திருக்கும். கணினியில் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் படங்களோடு முழுப் பக்கமும் இறங்கிவிடும். போனில் என்றால் அச்சிடு என்பதற்குப் போய் பிடிஎஃப்பாகச் சேமிக்கலாம். இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் முதலில் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் அள்ளிக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை அப்புறம் தேடலாம்.

வேபேக் மெஷின் என்று ஒன்று இருப்பதை அந்தத் தம்பிதான் சொன்னான். அமெரிக்காவில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற லாப நோக்கில்லாத அமைப்பு நடத்துவது. 1996 முதல் இணையப் பக்கங்களை நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள், 2001இல் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். பழைய முகவரியை அங்கே இட்டால், அந்தப் பக்கத்தை எந்தெந்தத் தேதியில் நகல் எடுத்தார்கள் என்று நாட்காட்டி காட்டும். தேதியைத் தொட்டால் பழைய பக்கம் திறக்கும். என்னுடையதில் 58 கட்டுரைகள் கிடைத்தன. 2011ஆம் வருட முகப்புப் பக்கம் திறந்தபோது, ஓரத்தில் அப்பா மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற படத்துக்கான இடம் மட்டும் இருந்தது. படம் வரவில்லை, ஒரு சின்னச் சதுரம். எழுத்தை நகல் எடுக்கிற நேரத்தில் படங்கள் பல நேரம் சிக்குவதில்லை. தொள்ளாயிரத்தில் எனக்குக் கிடைத்தது நாற்பத்து ஏழு. அதே தளத்தில் நாமே ஒரு முகவரியைக் கொடுத்து “இப்போது சேமி” என்று சொல்ல முடியும், கணக்கோ காசோ தேவையில்லை. முன்பே தெரிந்திருந்தால் என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தை இந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை சொல்லிவிட்டேன்.

எனக்கு மட்டும் நடந்தது என்றும் இல்லை. இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் மூடினார்கள். நம் ஊரில் எல்லோரும் கிடையாகக் கிடந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று போனது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில், யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில். சேவை மூடாவிட்டாலும் ஆள் வராத கணக்கை எடுக்கிற விதி பலரிடம் இருக்கிறது. இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டுக்கும் இரண்டு வருடக் கணக்குதான். யாகூ மெயிலில் 12 மாதம். இதில் நல்ல செய்தி, கணக்கை உயிரோடு வைக்கப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். கூகுளில் உள்நுழைந்து ஒரு கடிதத்தைப் படித்தாலோ ஒரு யூடியூப் வீடியோ பார்த்தாலோ ஏதாவது தேடினாலோகூடப் போதும், அது பயன்பாடாகக் கணக்காகும். உள்நுழைந்த நிலையில் என்பது முக்கியம். வெளியே நின்று நம் பக்கத்தை நாமே நூறு முறை பார்த்தாலும் அது வருகை ஆகாது.

கூகுளில் செயல்படாக் கணக்கு நிர்வாகி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நாம் குறிப்பிட்ட காலம், மூன்று மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை, கணக்கைத் தொடாவிட்டால் நாம் சொன்ன ஆட்களுக்குத் தகவல் போகும், வேண்டுமானால் நம் கோப்புகளும் போகும். நான் வீட்டுக்காரி பெயரையும் தங்கை மகன் பெயரையும் கொடுத்திருக்கிறேன். இதைக் கேட்டு வீட்டில், “இப்ப எதுக்கு அபசகுனமா?” என்றார்கள். அபசகுனம்தான், ஆனால் அப்பா போனபோது அவர் போனின் பூட்டைத் திறக்க முடியாமல் நாங்கள் பட்டபாடு எல்லோருக்கும் நினைவிருந்ததால் அதற்கு மேல் பேசவில்லை. கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்கிற ஈரடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தால் பத்து காப்புக் குறியீடுகள் கொடுப்பார்கள், ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு. அதைத் தாளில் எழுதி, நிலப் பத்திரம் இருக்கிற பீரோவில் வைத்திருக்கிறேன். போன் தொலைந்த அன்று போனுக்குள்ளேயே இருக்கிற குறியீட்டால் என்ன பயன்?

நகல் எடுப்பதில் ஒரு குழி இருக்கிறது. பல தளங்களில் காப்புப் பிரதி என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒரே கோப்பாக எல்லாக் கட்டுரைகளும் இறங்கும், மனசு நிறைந்துவிடும். சிலவற்றில் அப்படி இறங்குகிற கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும்தான் இருக்கும், படங்களுக்கு முகவரி மட்டுமே இருக்கும். வேர்ட்பிரஸ் என்கிற வலைப்பூத் தளத்திலும் படங்களைத் தனியாக இறக்க வேண்டும். இறக்கிய கோப்பை ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

நர்சரியில் ஒரு ரகத்தை ஒரே தாய்மரத்தை நம்பி யாரும் வைத்திருக்க மாட்டார்கள். இடி விழும், கரையான் அரிக்கும், பங்காளி வெட்டுவான். மூன்று நாலு இடத்தில் ஒட்டி வைப்போம். அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். மரத்துக்குச் செய்ததை எழுத்துக்குச் செய்யத் தோன்றவில்லை பாருங்கள். இப்போது மீண்ட 83 கட்டுரைகளும் (தம்பியின் 31இல் ஆறு, வேபேக்கிலும் இருந்தவை) வீட்டுக் கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று. கிருஷ்ணகிரி ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து பைண்டிங் செய்தும் வைத்தேன், 640 ரூபாய். தை பிறந்து மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், காணும் பொங்கல் அன்று எல்லாக் கணக்குக்கும் ஒரு முறை உள்ளே போய் வருவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் போனேன். அரை மணி நேரம் ஆனது.

அரூர்க்காரருக்கு ஆடியில் இரண்டு செந்தூராக் கன்று கொடுத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். காசு வாங்கவில்லை என்று அவருக்குக் கோபம்.

கடைசியாக ஓர் உதவி. 2009க்கும் 2015க்கும் நடுவே கிருஷ்ணகிரி நாட்டு மாமரங்களைப் பற்றித் தமிழில் யாரோ எழுதியதைப் படித்து, படம் ஏதாவது இறக்கி வைத்தவர்கள் இருந்தால், பழைய கணினியில் ஒரு முறை தேடிப் பாருங்கள். புளிச்சான் என்று போட்டிருக்கும். மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா, கையில் பாதியாகப் பிளந்த காயை நீட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்பார். அந்த அம்மாவின் பேத்தி போன மாதம் நர்சரிக்கு வந்து, பாட்டியை எடுத்த படம் அது ஒன்றுதான் என்று கேட்டுவிட்டுப் போனாள்.